தேக்கு விலை உலகம் முழுக்க ஏறிவிட்டதா?

வணக்கம். வெள்ளவத்தை மாடியில் இருந்துதான் பேசுகிறேன், ரயில் சத்தம் கேட்டால் வழமைபோலப் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் கதவு நிலைக்கு இறக்குமதித் தேக்கு பார்க்க மொரட்டுவை போனேன். மாமா 2021இல் கொடுத்த விலையைப் போல இரண்டு மடங்கு சொன்னார் மரக்காலைக்காரர். ஏன் என்று கேட்டால், "உலகம் முழுக்க ஏறிட்டுது தம்பி" என்கிறார். உலகம் என்றால் எந்த நாடு? எப்போதிலிருந்து? இரவு நித்திரையே வரவில்லை.

தேயிலை ஏற்றுமதி வீடியோ பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கைத் திரட்டி வைக்கும் ஐ.நா. கொம்ட்ரேட் தரவைத் திறந்துவிட்டேன். அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சுங்க எண். 4403 என்றால் மரக்குற்றி, 4407 என்றால் அரிந்த பலகை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காபோன் 2010இல் குற்றி ஏற்றுமதியை நிறுத்தியது. வரைபடத்தில் குற்றி ஏற்றுமதியின் கோட்டை மட்டும் பார்த்தால் அந்த நாட்டின் மர வியாபாரமே படுத்துவிட்டது போல இருக்கும், ஆனால் மரம் பலகையாகிக் கப்பலேறிக்கொண்டிருந்தது. மியன்மாரும் 2014 ஏப்ரல் 1 முதல் குற்றியை வெளியே விடவில்லை.

ஐயோ, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 4407க்குள் பைன் போன்ற மென்மரமும் சேர்ந்தே கிடக்கிறது. அதைப் பிரிக்காமல் முதல் நாள் மாலை முழுவதையும் வீணாக்கினேன். கனடா எல்லோரையும் மூடிக்கொண்டு மேலே நிற்கிறது, ஏன் என்று புரியாமல் நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்! 4407.1 என்று தொடங்குவதை எல்லாம் கழித்த பிறகுதான் தேக்கு, ஓக் போன்ற அகன்ற இலை மரங்கள், அதாவது வன்மரம், கண்ணில் பட்டது. தேக்குக்குத் தனி எண் கிடைத்ததே 2022இல்தான், 4407.23. அதற்கு முன் மற்ற வெப்பமண்டல மரங்களோடு கலந்து கிடந்ததால், தேக்கை மட்டும் வைத்து நீண்ட காலக் கோடு போட முடியாது. இது எனக்கு உண்மையாகவே எரிச்சல்.

டொலர் பெறுமதியை மட்டும் வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஈக்குவடோரை எடுங்கள். 2020இல் அதன் பால்சா ஏற்றுமதி பறந்தது. பால்சா பஞ்சு போல மெல்லியது, ஆனாலும் தாவரவியல்படி வன்மரம். வாங்கியது சீனா, காற்றாலை இறகுகளுக்கு. தளபாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! அமெரிக்க ஓக்கின் கதை வேறு: 2018 செப்டம்பரில் சீனா கூடுதல் வரி போட்டது, ஏற்றுமதி விழுந்தது.

அதனால் பெறுமதியைக் கன மீட்டரால் வகுத்தேன். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி, அதையும் மாற்றி மரக்காலைக் கணக்குக்கே கொண்டுவந்துவிட்டேன். இரவு ஒரு மணிக்கு அட்டவணையில் அந்தக் கன அடி விலை நிரல் பிழையில்லாமல் நிரம்பியபோது எழுந்து நின்று கை தட்டினேன், அம்மா விழித்துவிட்டார். அப்புறம், ஒரே சரக்குக்கு விற்ற நாடும் வாங்கிய நாடும் வேறு வேறு தொகை காட்டும். வாங்கியவர் கணக்கில் கப்பல் கூலியும் காப்புறுதியும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். ஒப்பிடும்போது ஒரே பக்கத்துக் கணக்கில் நில்லுங்கள்.

சரி, மரக்காலைக்காரர் சொன்னது? மாமா வாங்கியபோது டொலர் 200 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும் 360 வரை போய், பிறகு 300ஐ ஒட்டி வந்தது. அதுவே ஒன்றரை மடங்கு. கூடிய விலையில் பாதி நம் ரூபாவுடையது. மீதிப் பாதிக்குத்தான் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். சனிக்கிழமை தாளோடு போகிறேன், கமராவும் வரும்.