அப்பா பக்கத்துல இருந்தும் வருமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, படிச்சிடறேன். "டாக்டர், எங்க அத்தைக்கு, அப்பாவோட அக்காவுக்கு, 44 வயசுல ஓவரி கேன்சர் வந்துச்சு, இப்ப நல்லா இருக்காங்க. அப்பாவைப் பெத்த அப்பத்தா மார்புல கட்டி வந்து இறந்தாங்க. அம்மா பக்கம் யாருக்கும் இல்ல, அதனால பயமில்லன்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு 29 வயசு, ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?"

இதப் படிச்சதுல இருந்து மனசு வேற எதுலயும் ஓடல. ஏன்னா இந்த "அம்மா பக்கம் இல்ல"ங்கறத ஓ.பி.யில அவ்ளோ கேக்கறேன். பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான், அப்பா வழியும் வழிதான். கோளாறானா மார்பக கேன்சர், ஓவரி கேன்சர் ரிஸ்க்க ஏத்தி விடற ஜீன் ரெண்டு, அதுல பி.ஆர்.சி.ஏ 1 17ஆவது குரோமோசோம்ல இருக்கு, பி.ஆர்.சி.ஏ 2 13ஆவதுல, ஆணா பொண்ணான்னு முடிவு பண்ற எக்ஸ் ஒய் குரோமோசோமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பாகிட்ட கோளாறு இருந்தா பொண்ணோ பையனோ ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா காசு சுண்டுற மாதிரி, பாதிக்குப் பாதி. அண்ணனுக்கு வந்துடுச்சு, இனி தங்கச்சிக்கு வராதுன்னு கணக்கு போட முடியாது.

அப்புறம் ஏன் எல்லாரும் அம்மாவையே பாக்கறோம்னா, ஒண்ணு ஹாலிவுட் நடிகை ஆஞ்சலினா ஜோலி. 2013ல ரெண்டு மார்பகத்தையும் எடுத்துட்டேன்னு அவங்களே எழுதினப்பதான் பாதி உலகத்துக்கு இந்த ஜீன் பேரே தெரிஞ்சுது, அது அவங்க அம்மா இறந்த கதை, அப்படியே மனசுல நின்னுடுச்சு. இன்னொண்ணு, ஆம்பளைங்ககிட்ட இது சத்தமே போடாது. பி.ஆர்.சி.ஏ 2 கோளாறு இருக்கற பொண்ணுங்கள்ல 100ல 70 பேர் கிட்ட 80 வயசுக்குள்ள மார்பக கேன்சர் வருது, அதே கோளாறு இருக்கற ஆம்பளைங்கள்ல 7 பேர் கிட்டதான். ப்ராஸ்டேட் கேன்சர் வரலாம், ஆனா அத யாரு இதோட சேத்துப் பாக்கறா?

ஒரு பெரியவர் வந்தார், மார்புக் காம்புக்குக் கீழ கட்டி, பம்புசெட்ல இடிச்சுக்கிட்டேன்னு தைலம் தேய்ச்சிட்டே இருந்திருக்கார். டெஸ்ட்ல பி.ஆர்.சி.ஏ 2. உங்க கூடப்பிறந்தவங்க யாருக்காவதுன்னு கேட்டா, "தங்கச்சி வயித்துல தண்ணி கோத்து போயிட்டா, மஞ்சக்காமாலைன்னாங்க"ங்கறார். காமாலையாவே இருந்திருக்கலாம், ஓவரியாவும் இருந்திருக்கலாம். வீட்ல பெரியவங்ககிட்ட விசாரிக்கறப்ப கேன்சர் யாருக்குன்னு கேக்காதீங்க, யாரு எப்படி இறந்தாங்கன்னு கேளுங்க.

சரி, டெஸ்ட். தங்கச்சி, நீங்க எடுக்கணுமான்னு கேட்டீங்க, யாருக்கு முதல்ல எடுக்கணும்னு கேட்டிருந்தா நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அத்தைக்குத்தான்! ஓவரி கேன்சர் வந்தவங்க குடும்பத்துல வேற யாருக்கும் இல்லன்னாலும் இந்த டெஸ்ட் எடுக்கறது நல்லது. அவங்ககிட்ட கோளாறு எந்த இடத்துலன்னு தெரிஞ்சா உங்ககிட்ட அந்த ஒரு இடத்த மட்டும் பாத்தா போதும், செலவும் குறையும், இல்லன்னு வந்தா உங்க ரிஸ்க் கிட்டத்தட்ட மத்த பொண்ணுங்க மாதிரிதான். அத்தைய விட்டுட்டு நீங்க எடுத்து நெகட்டிவ்னு வந்தா, குடும்பத்துல ஓடுற கோளாறு உங்களுக்கு வரலையா, இல்ல அந்த டெஸ்ட்ல சிக்காத வேற ஜீனான்னு தெரியாது. அப்பாவ விட்டு அத்தைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க.

பாசிட்டிவ்னா? 25 வயசுலயே மார்புக்கு வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆரம்பிக்கறது வழக்கம், அதனால நீங்க லேட் பண்ண வேண்டாம். ஓவரிக்கு மட்டும் ஸ்கேன நம்ப முடியாது, சீக்கிரமே பிடிக்காது. அதனாலதான் குழந்தை பெத்து முடிச்சதும் ஓவரிய எடுத்துடச் சொல்றோம், பி.ஆர்.சி.ஏ 1னா 35ல இருந்து 40க்குள்ள, 2னா 40ல இருந்து 45க்குள்ள. அதுக்காக எல்லாரும் ஓடிப்போய் டெஸ்ட் எடுக்காதீங்க, மார்பக கேன்சர்ல பரம்பரையா வர்றது 100ல 5ல இருந்து 10தான்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, நானா கேக்கறேன். அத்தைக்குப் பையன் இருக்காரா, வீட்ல பேச்சு ஓடுதா? நம்ம ஊர்ல ஓடுமே! ரெண்டு பேர்கிட்டயும் பி.ஆர்.சி.ஏ 2 கோளாறு இருந்தா, பிறக்கற குழந்தைக்கு நாலுல ஒரு பங்கு ஃபேன்கோனி அனீமியா வர வாய்ப்பிருக்கு, ரத்தம் ஊறாம போற, சின்ன வயசுலயே கேன்சர் வர்ற ரொம்ப மோசமான நோய். அபூர்வம்தான், இருந்தாலும் தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஜெனடிக் கவுன்சிலர்கிட்ட ரெண்டு பேரும் சேந்தே போங்க, ஜோசியர்கிட்ட அப்புறம் போய்க்கலாம்.