அழுத்தாத பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பேசுவதைத் தவிர இப்போது உங்களுக்கு வேறு என்ன சத்தம் கேட்கிறது? ஒரு ஹாரன், மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பது, எங்கோ ஓடும் ஜெனரேட்டர், இப்படி ஏதாவது இருக்கும். என் பேச்சு அலுத்துப்போனால் வானொலியின் குமிழைத் திருகிவிடலாம். அந்த ஹாரனுக்குக் குமிழ் கிடையாது. நகரத்தில் வாழும் மனம் ஏன் களைத்துப்போகிறது என்பதை நான் இந்த இடத்திலிருந்துதான் யோசிக்கத் தொடங்குவேன்.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1972-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்களை உட்கார வைத்து, சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, நடுநடுவே காதைப் பிளக்கும் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். தட்டச்சு இயந்திரம், புரியாத மொழிப் பேச்சு எல்லாம் கலந்த இரைச்சல் அது. சிலரிடம் மட்டும், “தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது” என்று சொல்லிவைத்தார்கள். பெரும்பாலானவர்கள் அழுத்தவே இல்லை. அதாவது, எல்லாரும் கேட்டது ஒரே சத்தம்தான். ஆனால் சத்தம் ஓய்ந்தபிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துப் பார்த்தபோது, பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். எழுத்துப்பிழை திருத்தும் வேலையிலும் அவர்கள் அதிகமாகக் கோட்டைவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சத்தம் ஒலிக்கும்போது யாருக்கும் வேலை பெரிதாகக் கெட்டுவிடவில்லை. “எனக்கெல்லாம் பழகிவிட்டது” என்று நாம் சொல்கிறோமே, அது உண்மைதான். பழகிக்கொள்வதற்கு நாம் கொடுக்கும் விலை அப்புறம்தான் தெரிகிறது. சாயங்காலம் வீட்டில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வள்ளென்று விழுகிறோமே, அந்த நேரத்தில்!

நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டி உயர்த்திக் கட்டிய ரயில் பாதை ஓடியது. ரயில் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975-இல் ஆர்லீன் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் காட்டினார். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் தட்டிகளைப் பொருத்தினார்கள். வித்தியாசம் மறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. பிள்ளைகளைக் கூப்பிட்டு “மனதை ஒருமுகப்படுத்து” என்று யாரும் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை பாருங்கள். தண்டவாளத்தைச் சரிசெய்தார்கள், அவ்வளவுதான்.

மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகளில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது என்று 1984-இல் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எழுதினார். மொத்தம் 46 பேர்தான், சின்ன ஆய்வு. அதை வைத்துக்கொண்டு மரம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று கிளம்பிவிடக் கூடாது. ஆனால் ஒன்று, மரம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. விளம்பரப் பலகையும் சிக்னலும் ‘என்னைப் பார், என்னைப் பார்’ என்று இழுக்கின்றன. இலை அசைவதைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி.

அதனால்தான், “ஒரு வாரம் மலைப்பக்கம் போய்விட்டு வாருங்கள்” என்ற யோசனையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. போங்கள், நல்லதுதான். திரும்பி வருவது அதே ஜன்னலுக்குத்தானே? கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, தெருவில் எத்தனை மணிக்குமேல் ஹாரன் கூடாது, பக்கத்துக் காலி மனையில் நாலு மரம் நடலாமா என்பதெல்லாம் பார்ப்பதற்குச் சில்லறை விஷயங்கள். ஆனால் பொத்தான் இருப்பது அங்கேதான்.

போன வருஷம் எங்கள் மேல்வீட்டில் தரையை உடைத்தார்கள். முதல் இரண்டு நாள் எனக்குத் தலை வெடித்தது. மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மா இறங்கி வந்து, “பத்து மணிக்கு ஆரம்பிப்பாங்க சார், பன்னிரண்டுக்கெல்லாம் நிறுத்திடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் துளியும் குறையவில்லை. நான் அன்றைக்கு உட்கார்ந்து ஒரு கட்டுரையை முடித்தேன்.

வணக்கம்.