பயத்தை ஒப்புக்கொண்ட சாம்பியன்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது தரையில் கிடக்கும் எதிராளி. இல்லாவிட்டால், அவர் கடித்ததால் ரத்தம் வழியும் எதிராளி எவாண்டர் ஹோலிஃபீல்டின் காது. எனக்கோ, சில ஆண்டுகளாக, அவர் உட்கார்ந்து பேசும் காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 2008 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், உடைமாற்றும் அறையிலிருந்து குத்துச்சண்டை மேடை வரை தாம் நடந்துவரும் அந்தச் சில நிமிடங்களை அவர் விவரிக்கிறார். அறையை விட்டுக் கிளம்பும்போது உடம்பெல்லாம் பயமாக இருக்குமாம். தோற்றுவிடுவோமோ, எல்லார் முன்னாலும் அவமானப்பட்டுவிடுவோமோ என்ற பயம். மேடையை நெருங்க நெருங்க நம்பிக்கை ஏறும்; கயிற்றைத் தாண்டி உள்ளே கால்வைத்ததும் தம்மைக் கடவுளாகவே எண்ணிக்கொள்வார். பிறகு எதிராளியின் கண்களை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனிதர் ஒரு கணம் பார்வையைத் தாழ்த்திவிட்டால் போதும், ஆட்டம் தம் கைக்கு வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

1988 ஜூன் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில், மேலங்கியும் காலுறையும் இல்லாமல், கறுப்பு அரைக்கால்சட்டையோடு மேடையேறி, அதுவரை தோல்வியே கண்டிராத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் வீழ்த்திய மனிதரின் வாயிலிருந்து வரும் வாக்குமூலம் இது. அதைக் கேட்ட பிறகு அந்தப் பழைய ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தேன். முன்பு நான் திமிர் என்று நினைத்திருந்த அந்த நடை, இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள பிரவுன்ஸ்வில்லில், மழலை மாறாத பேச்சோடு, மற்ற பிள்ளைகளின் கேலிக்கும் அடிக்கும் ஆளான குண்டுப் பையனாக அவர் வளர்ந்தார். அவர் ஆசையாக வளர்த்த புறா ஒன்றின் கழுத்தை அவரைவிடப் பெரிய பையன் ஒருவன் திருகிக் கொன்றபோதுதான் வாழ்க்கையில் முதன்முறையாகத் திருப்பி அடித்தார். அதன்பின் திருட்டு, வழிப்பறி, சீர்திருத்தப் பள்ளி. அங்கே பணியாற்றிய முன்னாள் குத்துச்சண்டை வீரர் பாபி ஸ்டூவர்ட்தான் அவரை கஸ் டமாட்டோ என்ற முதிய பயிற்சியாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பயம் நெருப்பைப் போன்றது, அடக்கி ஆளத் தெரிந்தவனுக்கு அது உதவும், தெரியாதவனை அழிக்கும் என்பது டமாட்டோ தம் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாலபாடம். 1985 நவம்பரில் அவர் இறந்துபோனார்; அடுத்த ஆண்டு நவம்பர் 22 அன்று, 20 வயதில், ஹெவிவெயிட் எனப்படும் மிகுஎடைப் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றவர்களிலேயே மிக இளையவர் என்ற பெயரை டைசன் பெற்றார். 2011 இல் குத்துச்சண்டையின் புகழ்மன்றத்தில் தம்மைச் சேர்த்துக்கொண்ட விழாவில், டமாட்டோவைப் பற்றிப் பேசவந்தபோது தொண்டை அடைத்து, பேச்சை முடிக்க இயலாமல் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

டோக்கியோவுக்கு வருவோம். 1990 பிப்ரவரி 11, பஸ்டர் டக்ளஸுடன் பத்தாவது சுற்று. அதுவரை ஆடிய 37 ஆட்டங்களிலும் வென்றிருந்த டைசன் முதன்முறையாகத் தரையில் விழுகிறார். நடுவர் எண்ணிக்கொண்டிருக்க, எழுவதற்கு முன் அவர் செய்யும் காரியத்தைக் கவனியுங்கள்: வாயிலிருந்து தெறித்து விழுந்த பல்காப்பைத் தேடித் தவழ்கிறார், விரல்களைப் பயன்படுத்த முடியாத அந்தக் கையுறையால் அதைத் தள்ளாடியபடி எடுத்து வாயில் திணிக்கிறார், அதன் ஒரு முனை வாய்க்கு வெளியே தொங்குகிறது. வீங்கிய கண்ணுக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டிய உலோகக் கருவியைக்கூட அவருடைய ஆட்கள் கொண்டுவரவில்லை; ரப்பர் கையுறை ஒன்றில் பனிநீரை நிரப்பி வைத்துச் சமாளித்தார்கள். பயிற்சியில் அக்கறையின்றி, கேளிக்கைகளில் மூழ்கித்தான் அந்த ஆட்டத்துக்குப் போனேன் என்று பின்னாளில் டைசன் ஒளிக்காமல் சொன்னார்.

இத்தகைய ஒப்புதல்கள் அவரிடம் நிறைய உண்டு. 1997 இல் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த பிறகு தாம் கேட்ட மன்னிப்பு உள்ளத்திலிருந்து வந்ததல்ல, சுற்றியிருந்தவர்கள் சொன்னதற்காகக் கேட்டது என்று 2009 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கூறினார். சுமார் 30 கோடி டாலர் சம்பாதித்துவிட்டு 2003 இல் திவால் மனு கொடுத்ததையும் அவர் மறைப்பதில்லை. 2005 இல் கெவின் மெக்பிரைடிடம் தோற்ற கையோடு, மேடையில் நின்றபடியே, இனி இதற்கான மனம் தம்மிடம் இல்லை என்றும், செலவுகளைச் சமாளிக்கவே ஆடியதாகவும் சொல்லி விலகினார். தோற்றவுடன் நடுவரையோ கையிலிருந்த காயத்தையோ காரணம் காட்டும் வீரர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பேச்சு அபூர்வமானதுதான்.

ஆனால் ஓரிடத்தில் எனக்குத் தடை ஏற்படுகிறது. 1992 இல் இண்டியானாபோலிஸ் நீதிமன்றம், 18 வயதுப் பெண் ஒருவரை வன்புணர்ந்த குற்றத்துக்காக அவருக்கு 6 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகச் சிறையிலிருந்து, 1995 மார்ச்சில் வெளியே வந்தார். அந்தக் குற்றத்தை அவர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. மறுப்பது அவர் உரிமை. ஆயினும், தம் பயத்தை அத்தனை நுட்பமாக, கிட்டத்தட்ட கனிவோடு விவரிக்கும் அதே ஆவணப்படத்தில், அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததும் வசைச்சொல் வந்து விழுகிறது. பிரவுன்ஸ்வில் சிறுவனின் நடுக்கம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. தம்மைக் கண்டு நடுங்கியவர்களின் கதைக்கு வரும்போது விவரங்கள் மங்கிவிடுகின்றன. அவருடைய வெளிப்படையான பேச்சைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதே என் குறை. நானும் முதல்முறை பார்த்தபோது அப்படித்தான் தாண்டிப் போனேன். அந்தக் குரல் அவ்வளவு தூரம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். பழைய ஒளிப்பதிவுகளை விட்டுவிட்டால், அந்தப் படம் முழுவதும் கேமராவின் முன் உட்கார்ந்து பேசுபவர் டைசன் ஒருவர்தான். வேறு யாருக்கும் அங்கே நாற்காலி போடப்படவில்லை.

நன்றி, வணக்கம்.