சின்னத் தீவுக்கே சீட்டு!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். வணக்கம் இதோடு போதும். அடுப்பில் பானை இருக்கு.

'கிரேக்கத்தில் விடுமுறைக்கு ஏற்றது பேர் பெற்ற பெரிய தீவா, பேர் தெரியாத சின்னத் தீவா' என்பது தலைப்பு. எதிரணிச் சகோதரி பேர் பெற்ற சாண்டோரினித் தீவைப் பத்து நிமிஷம் புகழ்ந்தார். அந்தச் சாண்டோரினியில் 2025 முதல் சொகுசுக் கப்பலில் வந்து இறங்குறவங்க நாளொன்றுக்கு 8,000 பேரைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு. கோடை உச்சத்தில் கப்பல் பயணிக்குத் தலைக்கு 20 யூரோ கட்டணம். 'போதும்ப்பா, வராதீங்க'ன்னு ஊரே கும்பிடுது. சகோதரி இங்க நின்னு 'வாங்க வாங்க'ங்கறாங்க!

அதோட விட்டாரா? எங்க அணித் தலைவர் சிஃப்னோஸ்ங்கற சின்னத் தீவையும் அங்க கொண்டைக்கடலையில் செய்யற ரெவிதாதாவையும் சொன்னதும், 'கொண்டைக்கடலை தின்ன ஏழு கடல் தாண்டணுமா? சாயங்காலம் பீச்சுக்குப் போனா சுண்டல் கிடைக்குதே'ன்னு ஒரு போடு போட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

சகோதரி, சுண்டலுக்கு எத்தனை விசில்? அஞ்சு. ரெவிதாதாவுக்கு? ஒரு ராத்திரி!

அரைக்கிலோ கொண்டைக்கடலை. பன்னிரண்டு மணி நேரம் ஊறணும். மண்பானையில் கடலை, வட்டமா அரிஞ்ச வெங்காயம் ரெண்டு மூணு, பிரிஞ்சி இலை, உப்பு, தாராளமா ஆலிவ் எண்ணெய், கடலை முங்குற அளவுக்குத் தண்ணி. அந்தக் காலத்தில் தொட்டியில் பிடிச்சு வச்ச மழைத் தண்ணிதான். சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணியில் தோல் விறைச்சுப்போய் கடலை வேகாது. மூடி போட்டு, சந்தைப் பிசைஞ்ச மாவால் அடைச்சு, சனிக்கிழமை சாயங்காலம் விறகடுப்புக்குள் தள்ளணும். சூடு மெல்ல மெல்ல இறங்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிஞ்ச பிறகுதான் பானை வெளியே வரும்.

நடுவர் அவர்களே, இதில் முக்கியமானது மாவு. இன்னொரு தடவை சொல்றேன், தாய்மார்கள் கவனிக்கணும். மூடியை மாவால் அடைச்சாச்சு. உப்பு சரியான்னு பார்க்க முடியாது. கிளற முடியாது. மாமியார் வந்து 'ஒரு கரண்டி குடு, பார்க்கலாம்'னு சொல்ல முடியாது! மருமகள் மூடினது மூடினதுதான். ராத்திரி பத்து மணிக்கு மாமியாருக்கு நெஞ்சு துடிக்குது, 'வெங்காயம் போட்டாளோ இல்லையோ'ன்னு. ம்ஹூம். பன்னிரண்டு மணிக்கு மாமனாரைத் தட்டி எழுப்புறாங்க. ம்ஹூம்! ஆவி வெளியே போனா தண்ணி வத்தி அடிப்பிடிக்கும். அதனால விடியற வரைக்கும் குடும்பத்தில் சமாதானம். இந்த வசதி குக்கரில் உண்டா?

கடைசியில்தான் எலுமிச்சை. முதல்லயே பிழிஞ்சா புளிப்பில் கடலை மெத்துன்னு ஆகாது. கேட்டீங்களா சகோதரி? புளிப்பாப் பேசறதையும் கடைசியில வச்சுக்கலாம்.

இந்தப் பானையும் அந்த ஊர் மண்ணுதான். கமாரெஸ், வாத்தி, கெரோனிஸோஸ்னு கடலோரத்தில் குயவர் பட்டறைகள் இருந்த ஊர் அது. நவீன கிரேக்கச் சமையல் புத்தகம்னாலே பேர் சொல்லப்படுற நிக்கோலாஸ் செலெமென்தேஸுக்கும் அதுதான் பூர்வீகம். 74 சதுர கிலோமீட்டருக்குள்ள இவ்வளவும்!

'காத்தடிச்சாக் கப்பல் நின்னுடும், சிறைதான்'னு இன்னொரு பயமுறுத்தல். விமான நிலையம் இல்லை, உண்மை. ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வேகப்படகில் சுமார் மூணு மணி நேரம், பெரிய கப்பலில் அஞ்சு. ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்கிற வடகாற்று வீசும். முதலில் நிற்கிறது வேகப்படகு, பெரிய கப்பல் இன்னும் தாக்குப்பிடிக்கும். காத்துக் காலத்தில் பெரிய கப்பலுக்குச் சீட்டு எடுங்க, ஊர் திரும்புற விமானத்துக்கு முந்தின ராத்திரி ஏதென்ஸில் தங்குங்க. ஜூனிலோ செப்டம்பரிலோ போனா இந்தத் தொல்லையே குறைவு. செப்டம்பரில் கடலும் வெதுவெதுப்பா இருக்கும். நவம்பரில் போய் 'கடையெல்லாம் பூட்டியிருக்கே'ன்னு எங்க அணியைத் திட்டக் கூடாது. நல்ல காலணி வேணும், அடையாளமிட்ட நடைபாதையே 100 கிலோமீட்டருக்கு மேல. எதிரணி சொல்ல மறந்ததையும் நானே சொல்றேன்: கழிவறைக் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில் போடணும், குழாய் குறுகல், அடைச்சுக்கும்.

மணி அடிக்கிறார் நடுவர். ஒரே ஒரு நிமிஷம்.

அந்தத் தீவில் சின்னதும் பெரிதுமா 200 தேவாலயங்களுக்கு மேல. திருவிழாவுக்கு ஒரு குடும்பம் பொறுப்பேற்கும். பொறுப்பேற்றவருக்குப் பனிகிராஸ்னு பேர். புனிதரின் படம் ஒரு வருஷம் அவர் வீட்டில் இருக்கும். விழாவுக்கு முந்தின சாயங்காலம் ஊர்வலமா எடுத்துப் போவாங்க. வழிபாடு முடிஞ்சதும் பந்தி. அதே கொண்டைக்கடலை, அப்புறம் கறி, திராட்சை மது. பில் கிடையாது. எந்த ஊர், எந்த மதம்னு யாரும் கேட்கறதில்லை. ஒரு பந்தி எழுந்தா அடுத்த பந்தி. ஒருத்தர் தன் வீட்டுக் காசில் வழிப்போக்கனுக்கும் இலை போடறார், நடுவர் அவர்களே! பிழைப்புக்கு ஏதென்ஸ் போன பிள்ளை விழாவுக்குத் திரும்பி வந்து உட்கார்றதும் அந்தப் பந்தியில்தான்; பக்கத்தில் இடம் காலியா இருந்தா அது உங்களுக்கு. எழுந்திருக்கும்போது ஒருத்தருக்கொருத்தர் 'அடுத்த வருஷமும்'னு வாழ்த்திக்குவாங்க. உங்களுக்கும் சேர்த்துதான்.

'வராதீங்க'ன்னு வரம்பு போட்ட ஊருக்குச் சகோதரி போகட்டும். 'அடுத்த வருஷமும்'னு சொல்ற ஊர் பக்கம் தீர்ப்பு வரட்டும். நன்றி, வணக்கம்.