காப்பாருக்கு மாற்று எங்கே?

நடுவர் அவர்களுக்கும், சிலாங்கூர் மாநிலத்துக் காப்பார் வட்டாரத் தோட்டங்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம். ஓய்வுபெறும் நிலக்கரி நிலையங்களின் இடத்தைச் சூரிய ஒளியும் மின்கலமும் மட்டுமே நிரப்பிவிடும் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்தார். புதிய எரிவாயு நிலையங்களும் கட்டியே ஆக வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

நம் காப்பார்க் கடலோரத்து நிலக்கரி மின் நிலையம் 1980-களில் இயங்கத் தொடங்கியது. அதன் மின்கொள்முதல் ஒப்பந்தம் 2029-இல் முடிகிறது. புதிதாக நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று மலேசிய அரசாங்கம் 2021-இலேயே அறிவித்துவிட்டது. அதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், நாள் நெருங்கிய பிறகு மாற்றைத் தேட முடியாது. பேராக் மாநிலத்து மஞ்சோங் நிலக்கரி நிலையத்தின் நான்காம் அலகு 2011-இல் ஒப்பந்தமாகி, 2015-இல்தான் வணிக அடிப்படையில் மின்சாரம் தரத் தொடங்கியது. அதற்கு முன் திட்டமிடுதலுக்கும் அனுமதிகளுக்கும் ஆன காலம் இந்தக் கணக்கில் சேராது.

சூரியத் தகடுகள் நண்பகலில் அள்ளித் தருகின்றன, மறுக்கவில்லை. பிற்பகலில் கருமேகம் திரண்டு வந்தால் வெளிச்சம் எவ்வளவு விரைவில் மங்கும் என்பதைச் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். (நடுவரும் குடையோடுதான் வந்திருக்கிறார்.) இருட்டிய பிறகோ வீட்டுக்கு வீடு ஏர்கோன் ஓடுகிறது. செம்பனை ஆலைகள் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்துத் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொள்கின்றனவே என்று எதிரணித் தங்கை கேட்டார். நல்ல கேள்விதான், குலை வராத நாளில் அந்தக் கொதிகலனுக்கு நார் எங்கிருந்து வரும், தங்கச்சி?

நம் மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு 50 சுழற்சி என்ற வேகத்தில், இயங்குகிறது. எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றுவிட்டால், மற்ற நிலையங்களில் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த சுழலிகளின் வேகமே அந்த அதிர்வெண் உடனே சரிந்துவிடாமல் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அவகாசத்துக்குள் பிற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டியாக வேண்டும். 1996 ஆகஸ்ட் 3 மாலை, திரெங்கானுவின் பாக்கா நிலையத்தருகே ஏற்பட்ட கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருளில் ஆழ்த்தியதை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டமைப்பு பெரும்பாலும் சுழலிகளை நம்பியிருந்த காலத்திலேயே அப்படி நடந்தது என்றால், எரிவாயு நிலையச் சுழலிகளால் ஈடு செய்யாமல் அவற்றை ஒவ்வொன்றாக மூடுவது எவ்வளவு துணிச்சல்!

எரிவாயுவும் கரியமில வாயுவைக் கக்கத்தான் செய்கிறது. ஆயினும், எரிவாயுச் சுழலியின் கழிவு வெப்பத்தில் நீராவி ஆக்கி இன்னொரு சுழலியையும் ஓட்டும் நவீனக் கூட்டுச்சுழற்சி நிலையம் அதே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி நிலையத்தைவிடச் சுமார் பாதியளவே வெளியிடுகிறது. எரிவாயு இறக்குமதிச் செலவைச் சுட்டிக்காட்டினார்கள். இன்று காப்பாரில் எரியும் நிலக்கரியும் கப்பலில்தானே வருகிறது?

உயரழுத்த மின்கம்பிகளும், குளிர்விக்கக் கடல்நீரும், பயிற்சி பெற்ற தொழிலாளர்களும் ஏற்கெனவே இருக்கும் இடம் இது. புதிய நிலையத்தை இங்கேயே திட்டமிடலாம். எதிரணித் தலைவர் மின்கலத்தின் விலை இறங்குவதைப் பெருமையாகச் சொன்னார். தொடர்ந்து வானம் மூடிக்கிடந்தால் அது எத்தனை இரவுகளுக்குத் தாங்கும் என்பதைச் சொல்லவில்லை. அடுத்துப் பேச வருபவர் அதற்குப் பதில் சொல்லட்டும்.