"பிரேக் பிடிக்கவில்லை" என்றார் அவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நின்று பார்த்தவர்களுக்கு ஒரு வாடை நினைவிருக்கும். பிரேக் லைனிங் கருகும் வாடை. மேலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி வந்த கார்களிலிருந்து வருவது அது. நான் பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு ஆண்டுகள் மோட்டார் வாகனப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்த வாடை வந்தால் இன்றும் என் கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது, வெளியூர்க் கார் ஒன்று சற்று மேலே தடுப்புச் சுவரில் உரசி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின் இருக்கையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவருக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. "பிரேக் பிடிக்கவில்லை. மிதித்தேன், அப்படியே உள்ளே போய்விட்டது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கூடியிருந்த கூட்டம் பத்தே நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. "இப்போது வருகிற கார்களெல்லாம் தகரம், கம்பெனிக்காரன் மேல் வழக்குப் போட வேண்டும்" என்றது ஒரு பாதி. "மலையில் ஓட்டத் தெரியாதவருக்கு இங்கே என்ன வேலை" என்றது மறுபாதி. குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தவர் டீக்கடைக்காரப் பெண்மணி ஒருவர்தான்.

அந்தக் கார் போய்ச் சேர்ந்தது என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறைக்கு. மறுநாள் அவர் என்னை அழைத்தார். "சார், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. நானே ஓட்டிப் பார்த்தேன். அவர் பொய் சொல்கிறார்." பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். மூடியைத் திறந்து பார்த்தவர் சற்று நேரம் பேசவில்லை. காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்ததாம். வண்டி வாங்கி ஆறு ஆண்டுகளாக யாரும் அதை மாற்றவே இல்லை.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இன்று நான் பேச வந்ததன் வேர் இதில்தான் இருக்கிறது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 என்ற தரத்தில் வரும் புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். அதனால்தான் பல நிறுவனங்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை அதை மாற்றச் சொல்கின்றன. மலையிலிருந்து இறங்கும்போது எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தாமல் பிரேக்கை மட்டுமே நம்பினால், சக்கரத்தில் பிறக்கும் சூடு இந்தத் திரவத்துக்கு ஏறுகிறது. கொதித்த இடத்தில் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த விசையெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் தரை வரை போகும், சக்கரம் நிற்காது. சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். மறுநாள் காலையில் பிரேக் புதிதுபோல் பிடிக்கும்.

ஆகவே அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நிறுவனம் குறையோடு செய்த வண்டியும் அல்ல அது. கூட்டத்தின் இரண்டு தீர்ப்புகளுமே தவறு. ஏறும்போது எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற மலைப் பாதைப் பாடத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திரவத்தை மாற்றச் சொல்லி வண்டியோடு தந்த புத்தகத்தை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் வண்டியைச் சர்வீஸ் செய்து பணம் வாங்கியவர்களும் மூடியைத் திறக்கவில்லை.

யார் குற்றவாளி என்று கேட்கிற அவசரத்தில் என்ன நடந்தது என்று கேட்பதை நாம் விட்டுவிடுகிறோம். இதைச் சொல்லத்தான் வந்தேன். இந்த அவசரம் உயிர்களைக் குடித்திருக்கிறது.

2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களில் சாவி போடும் சுவிட்சை மாற்றித் தர வேண்டியதாயிற்று. அந்த சுவிட்சுக்குள் இருந்த ஒரு ஸ்பிரிங்குக்குப் போதிய வலு இல்லை. சாவிக் கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, வண்டி பள்ளத்தில் குலுங்கினாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும் வண்டியில் எஞ்சின் அணைந்துவிடும். ஸ்டியரிங் இறுகும். மோதும்போது ஆளைக் காக்கும் காற்றுப்பையும் விரியாது. அந்தக் குறையால் 124 பேர் இறந்ததாகப் பின்னர் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது. நிறுவனத்துக்குள் சிலருக்கு இது பத்தாண்டுக்கும் மேலாகத் தெரிந்திருந்தது. இடையில் பாகத்தைத் திருத்தியவர்கள் பாக எண்ணை மாற்றாமலே விட்டார்கள். அதனால் பழைய சுவிட்சையும் புதியதையும் பிரித்தறிய வழியில்லாமல் போனது.

இவ்வளவு காலம் அது வெளியே வராமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த விபத்துகளில் சிலவற்றை ஆராய்ந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டவை வேறு. இவர் குடித்திருந்தார், இவர் சீட் பெல்ட் போடவில்லை, இவள் சிறு பெண், வேகமாக வந்திருக்கிறாள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓட்டியவரின் தவறு ஒன்று கையில் கிடைத்ததும் கோப்பு மூடப்பட்டது. காற்றுப்பை ஏன் விரியவில்லை என்ற கேள்வி கோப்புக்குள்ளேயே கிடந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் அதே நாட்டில் நடந்தது. 1986இல் ஆடி 5000 என்ற கார் தானாகச் சீறிப் பாய்கிறது என்று தொலைக்காட்சியில் வந்தது. மக்கள் கொதித்தார்கள், விற்பனை சரிந்தது. 1989இல் அரசு ஆய்வு முடிந்தபோது, பெரும்பாலான நிகழ்வுகளில் ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இதோடு கதையை நிறுத்திவிட்டு "பார்த்தீர்களா, ஓட்டியவர் தவறுதான்" என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த விவகாரத்தில் பயன்பட்ட தீர்வு, பிரேக்கை மிதித்தால் ஒழிய கியரை நிறுத்த நிலையிலிருந்து நகர்த்த முடியாதபடி வைத்த பூட்டு. இன்று ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் அனைவரும் தினமும் அந்தப் பூட்டைப் பயன்படுத்துகிறார்கள். மனிதன் செய்த தவறுக்கு இயந்திரத்தில் மருந்து கண்டார்கள். மனிதன் தவறுவான் என்று தெரிந்தே வண்டியை வடிவமைப்பது செய்பவரின் கடமை. அதற்காக ஓட்டுபவரின் கடமை ஒரு முடியளவும் குறைவதில்லை.

இவ்வளவும் பேசுகிற நானே என் வீட்டில் தவறினேன். அதையும் சொல்ல வேண்டும்.

என் மகள் ஏற்காட்டில் ஆசிரியை. திங்கள் காலை ஏறி வெள்ளி மாலை இறங்குவாள். அவளுக்காக, ஒருவர் ஐந்து ஆண்டுகள் ஓட்டிய கார் ஒன்றை வாங்கினோம். ஒருநாள் அவள் சொன்னாள்: "அப்பா, பதினோராவது வளைவில் வண்டி அணைந்துவிட்டது. ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிட்டது." கிளட்சை ஒழுங்காக விட்டிருக்க மாட்டாய் என்றேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சொன்னாள். மலையில் ஏறும்போது கியரை முன்கூட்டியே குறைக்க வேண்டும் என்று பாடம் நடத்தினேன். மூன்றாம் முறை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

வேறு ஏதோ வேலையாக வண்டியை விட்டபோதுதான், பட்டறையில் இருந்த ஒரு பையன், ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தான். எரிபொருள் பம்பில் குறை இருப்பதாகவும், இலவசமாக மாற்றித் தருவதாகவும் அறிவித்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கடிதங்கள் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கின்றன. அவர் பிரித்துப் பார்த்தாராம். வண்டியைத்தான் விற்றுவிட்டோமே என்று விட்டுவிட்டாராம். பம்பை மாற்ற இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பதினோராவது வளைவில் எதிரே பேருந்து வந்திருந்தால் என்ற நினைப்பு என்னை இன்னும் விடவில்லை. என் மகளின் சொல்லை நான் நம்பியிருக்க வேண்டும். வண்டியில் கோளாறு என்று ஒருவர் சொன்னால் முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தோரு ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான்.

பத்திரிகைகள் இதை "கார்களைத் திரும்பப் பெறுகிறது" என்று எழுதுகின்றன. அந்தச் சொல் பலரைப் பயமுறுத்துகிறது. வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்களோ, பணம் கேட்பார்களோ என்று சேலத்திலேயே என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றி வண்டியை உங்களிடமே தருவார்கள், அவ்வளவுதான். "என் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்பதும் காரணமாகாது. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பையை விரிக்கும் வாயுவுக்காக உள்ளே வைத்திருந்த அமோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் கிடந்து கெட்டுப்போயிற்று. விரிய வேண்டிய நேரத்தில் உலோகக் கூடு வெடித்துச் சிதறியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் பாகங்களை மாற்ற வேண்டியிருந்தது. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. அந்தக் கார்களும் அதுநாள் வரை நன்றாகத்தான் ஓடின.

நம் நாட்டில் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தார்கள். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அவை பொருந்தும். கட்டாயத்தின் பேரில் அழைக்க நேர்ந்தால் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. உரிமையாளர்கள் 'வாகன்' என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் புகாரைப் பதியலாம். விற்பனைக்கு ஏற்ப குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை தொடங்கும். டீக்கடையில் கொட்டித் தீர்த்த கோபம் அந்தக் கணக்கில் சேராது. அணைந்த நாள், இடம், வேகம், பட்டறை ரசீது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, உட்கார்ந்து பதிந்தால்தான் சேரும்.

சீட் பெல்ட் போடாவிட்டால் எழும் ஒலியை அடக்க ஒரு கிளிப் விற்கிறார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, இணையக் கடைகளிலிருந்து அப்படிப்பட்ட 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. காற்றுப்பை தரவில்லை என்று நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே இந்தக் கிளிப்பை மாட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிகுகிறது. காற்றுப்பை என்பது பெல்ட் போட்டவரை மனதில் வைத்துச் செய்தது.

மலை ஏறும் நேயர்களுக்கு ஒன்று. தண்ணீர் பாட்டிலை ஓட்டுநர் காலடியில் போடாதீர்கள். இறக்கத்தில் அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்காதீர்கள். வாடை வந்தால் ஒதுக்கி நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

சென்ற மாதம் எங்கள் இன்னொரு பழைய காரை ஓமலூர்த் தம்பி ஒருவருக்கு விற்றோம். ஆர்.சி. பெயர் மாற்றம் முடிந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். சேசிஸ் எண்ணுக்கு எதிரே என் கைபேசி எண்ணை நீக்கி அவருடைய எண்ணைப் பதியச் சொன்னேன். எதற்கு சார் இதெல்லாம் என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் திரையை அவர் பக்கம் திருப்பி, அவர் பெயர் வந்திருப்பதைக் காட்டும் வரை காத்திருந்துவிட்டு, பதினோராவது வளைவில் நடந்ததை அவருக்குச் சொன்னேன்.