எர்த் வயரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இரவு வெளியில் நின்ற காரின் கண்ணாடியைக் காலையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியைத் துடைத்துவிடுகிறோம். பானெட்டுக்குள் பாடியோடு முடுக்கியிருக்கும் எர்த் வயரிலும் அதே உப்புத்தான் படிகிறது. அதை யாரும் துடைப்பதில்லை.

வீட்டு எர்த் மண்ணுக்குள் போகிறது. கார் எர்த் மண்ணைத் தொடுவதே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பாடியில் இணைத்து, அந்தத் தகரத்தையே மின்சாரம் திரும்பிவரும் வழியாக்கியிருக்கிறார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தனியாக ஓர் எர்த் பட்டை உண்டு. அந்தப் பட்டை அறுந்தால், செல்ஃப் எடுக்கும்போது மின்சாரம் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து கேபிளையே சுட்டுவிடும்.

போன ஆடியில், கச்சான் காற்று ஓயாமல் வீசிய ஒரு வாரத்தில், மீன் வியாபாரி ஒருவர் என்னிடம் கார் கொண்டுவந்தார். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும். வேறோர் இடத்தில் புது பேட்டரி போட்டு, செல்ஃப் மோட்டாரையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். மேலே பார்வைக்குச் சுத்தம். வயர் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்கைத் தூக்கினால் அடியில் பச்சைப் பொடி, அதற்கும் கீழே தகரத்தில் துரு. உப்புத்தாள் போட்டு வெள்ளியாக மின்னும்வரை தேய்த்து முடுக்கினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பேட்டரிக்கு அவர் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

கணக்கு எளிது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் பேட்டரிக்கு அது பெரிய இழப்பு. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சினின் துருவில்லாத உலோகப் பகுதியிலும் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரிக் கடைக்குப் போகாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடிக்கிறதா? அந்த விளக்கின் எர்த் போய்விட்டது.

புதிதாக எர்த் கொடுக்கிறவர்கள் பெயின்ட்டின் மேல் திருகி வைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. தகரம் தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, லக்கை நன்றாக நசுக்கிப் பிடித்து முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே வாஸலின் பூசுங்கள். உப்பும் ஈரமும் உள்ளே போகாது. பாட்டுப் பெட்டிக்கு ஆம்ப்ளிஃபையர் வைத்தால் எர்த் வயர் பாசிட்டிவ் வயரின் தடிமனுக்குக் குறையக் கூடாது. புதிய கார்கள் பலவற்றில் நெகட்டிவ் முனையிலேயே, பேட்டரியில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அவற்றில் கூடுதல் எர்த்தைப் பேட்டரி முனையில் சேர்க்காமல் பாடியில் கொடுங்கள்.

தனுஷ்கோடியைத் தாண்டிக் கடலோரம் இருக்கும் அரிச்சல்முனைக்குத் தினமும் சவாரி போகும் ஓட்டுநர்கள் வாரம் ஒருமுறையாவது வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எர்த்தில் கை வைக்கும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியாக மாட்டுங்கள். நன்றி, வணக்கம்.